நெல் அறுத்த வயலில் கோதுமை: உழவையும் தழைச்சத்தையும் சேர்த்து முடிவு செய்யும் முறை

பாகிஸ்தானின் பஞ்சாபில் தொடங்கி இந்தியப் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பிஹார், நேபாளத்தின் தராய், வங்கதேசம் வரை விரிந்து கிடக்கும் சிந்து–கங்கைச் சமவெளியில், மழைக்காலத்தில் நட்ட நெல்லை அறுத்த கையோடு அதே நிலத்தில் பனிக்காலக் கோதுமையை விதைக்கிறார்கள். இப்படி நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் நிலம் தெற்காசியாவில் ஏறத்தாழ 135 லட்சம் எக்டேர். அதில் ஏறத்தாழ 100 லட்சம் எக்டேர் இந்தியாவில் இருக்கிறது. வேளாண் படிப்புக்காகவோ பணிக்காகவோ அங்கே செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் நெல்லை நன்கு அறிந்தவர்களாகவும் கோதுமையைக் கண்ணால் பார்த்திராதவர்களாகவும் இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உழவு முறை ஒரு முடிவு, உர அளவு இன்னொரு முடிவு என்று இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்துவிட்டு வருகிறோம். வயலில் அவை ஒரே முடிவு. எப்படி உழுகிறோம் என்பது வைக்கோல் மண்ணுக்குள் போகிறதா, மேலே கிடக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. வைக்கோல் இருக்கும் இடம், நாம் இடும் தழைச்சத்து (நைட்ரஜன்) எந்த நாளில் பயிரின் வேருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே கீழே சொல்லும் வேலைகளை வரிசை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிலத்தைத் தோண்டிப் பார்த்தல்

நெல் அறுவடைக்கு முன்போ, அறுத்த அன்றோ மண்வெட்டியோடு வயலில் இறங்கி, ஓரத்தில் ஓர் இடத்திலும் நடுவில் இரண்டு இடங்களிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்கு மண் பிசுபிசுப்பாகவோ காய்ந்து கட்டியாகவோ இருக்கும். அதற்குக் கீழே, பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில், மண்வெட்டி நுழைய மறுக்கும் ஓர் இறுகிய படுகை தட்டுப்படும். சேற்றுழவு ஆண்டுதோறும் உண்டாக்கும் படுகை அது. தொளி அடிக்கும்போது மண் உருண்டைகள் உடைந்து நுண்துகள்களாகப் படிகின்றன, டிராக்டரின் எடையும் கலப்பையின் அடியும் கீழ்மண்ணை அழுத்துகின்றன. நீர் இறங்காமல் நிற்க வேண்டிய நெல்லுக்கு இது வசதி. காற்றோட்டமும் ஆழமான வேரும் வேண்டும் கோதுமைக்கோ இதுவே பெரிய தடை. கோதுமை வேர் இந்தப் படுகையில் மோதிப் பக்கவாட்டில் ஓடினால், பயிர் மேல்மண்ணில் உள்ள நீரையும் சத்தையும் மட்டுமே நம்பி வாழ வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்றும் அங்கே நடந்திருக்கிறது. நீர் தேங்கிய நெல் வயலில் காற்று இல்லாததால் மண்ணில் நைட்ரேட்டாக இருந்த தழைச்சத்தை நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றி வெளியேற்றியிருக்கும். ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கியிருக்கும். எனவே கோதுமை விதைக்கும் நாளில் மண்ணில் உடனடியாகக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணின் மட்கிலிருந்து அது மெதுவாக வெளிவர வேண்டும். ஆனால் நவம்பர் முடிந்தால் குளிர் இறுகி, டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுவதால், நுண்ணுயிர்களின் வேலையும் தளர்ந்துவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் மண் தானாகக் கொடுக்கும் தழைச்சத்தை மனதில் வைத்து அங்கே கணக்குப் போட்டால் தவறிவிடும்.

மணற்பாங்கான நிலமாக இருந்தால் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு நீர் தேங்கியிருந்த காலத்தில் மாங்கனீசு கரைந்து கீழே இறங்கிவிடுவதால், பஞ்சாபின் மணற்பாங்கான நெல் நிலங்களில் கோதுமைக்கு மாங்கனீசுப் பற்றாக்குறை வருகிறது. பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

நாட்களை எண்ணுதல்

சமவெளியின் வடமேற்கில் கோதுமை விதைக்கச் சிறந்த காலம் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. நவம்பர் முடிந்த பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ ஒரு சதவீதமோ சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது. காரணம் பயிரின் மறு முனையில் இருக்கிறது. மார்ச் மாதம் வெப்பம் ஏறும்போது கதிரில் பால் பிடித்து மணி திரண்டிருக்க வேண்டும். பிந்தி விதைத்த பயிர் அப்போதுதான் பூத்து நிற்கும், வெப்பத்தில் மணி சுருங்கிவிடும். 2022 மார்ச்சில் அடித்த வெப்பம் வட இந்தியக் கோதுமையை அப்படித்தான் தாக்கியது. அந்த ஆண்டு மே 13 அன்று இந்திய அரசு கோதுமை ஏற்றுமதியையே தடை செய்தது.

இந்தப் பக்கம் நெல் அறுவடையும் விட்டுக்கொடுப்பதில்லை. நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபும் ஹரியானாவும் 2009இல் சட்டம் இயற்றி நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. நீருக்கு அது அவசியமான நடவடிக்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். விளைவாக, நெல்லை அறுத்து, வைக்கோலைச் சமாளித்து, நிலத்தைத் தயார் செய்து, கோதுமையை விதைக்க விவசாயியின் கையில் இருப்பது இரண்டு, மூன்று வாரங்கள்தான். வைக்கோலுக்குத் தீ வைக்கும் பழக்கம் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. எரித்தால் வைக்கோலில் உள்ள கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகப் போய்விடுகின்றன. மக்கள் மூச்சுத் திணறுகிறார்கள். எனவே எரிக்கும் வழியை இந்தக் கட்டுரை ஒரு தேர்வாகவே கொள்ளவில்லை.

உங்கள் வயலின் நெல் எந்த நாளில் அறுக்கப்படும், அன்றிலிருந்து நவம்பர் 15க்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த முடிவுக்கு அந்த எண்தான் அடிப்படை.

வைக்கோலை எங்கே வைப்பது

இதுவே முழு வேலையின் கழுத்து என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எக்டேருக்கு 6 டன் வைக்கோல் வயலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைக்கோலில் ஏறத்தாழ 40 சதவீதம் கரிமம், 0.6 சதவீதம் தழைச்சத்து. அதாவது 2,400 கிலோ கரிமத்துக்கு 36 கிலோ தழைச்சத்து. ஒன்றுக்கு அறுபத்தேழு என்ற விகிதம். இதை உண்டு மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் உடலிலோ பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். கோதுமைக் காலத்தில் வைக்கோலில் பாதி மட்குவதாகக் கொண்டால், 1,200 கிலோ கரிமம் நுண்ணுயிர்களின் வாய்க்குப் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை, 400 கிலோவை, அவை தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. அதற்கு 40 கிலோ தழைச்சத்து தேவை. மட்கிய பாதி வைக்கோலிலிருந்து கிடைப்பது 18 கிலோ மட்டுமே. மீதி 22 கிலோவை அவை மண்ணிலிருந்து, அதாவது நாம் கோதுமைக்கு இட்ட உரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இது தோராயக் கணக்குத்தான். மண்ணுக்கு மண், குளிருக்குக் குளிர் மாறும். ஆனால் ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ என்பதை நினைவில் வைத்தால், எக்டேருக்கு ஒரு மூட்டை அளவு பயிரின் கைக்குக் கிடைக்காமல் சில வாரங்கள் முடங்கிக் கிடக்கும் என்று புரியும்.

அந்தத் தழைச்சத்து அழிந்துவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் மடியும்போது மண்ணுக்குத் திரும்புகிறது. பல ஆண்டுகள் வைக்கோலை வயலிலேயே விட்டால் மண்ணின் மட்கு கூடி, தழைச்சத்தைத் தரும் ஆற்றலும் கூடுகிறது. சிக்கல் காலம் பற்றியது. கோதுமை தூர் கட்டும் முதல் ஐந்தாறு வாரங்களில்தான் அது முடங்குகிறது, அந்த வாரங்களில்தான் பயிருக்கும் அது தேவை.

முடக்கம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வைக்கோல் மண்ணோடு எவ்வளவு நெருக்கமாகக் கலக்கிறது என்பதைப் பொறுத்தது. நறுக்கி மண்ணுக்குள் கலந்தால் ஈரமும் மண்ணும் எல்லாப் பக்கமும் தொட, நுண்ணுயிர்கள் உடனே வேலையில் இறங்கும். மேலே பரப்பி விட்டால் அடிப்பக்கம் மட்டுமே மண்ணைத் தொடும். மெதுவாகவே மட்கும், முடக்கமும் குறைவு. ஆகவே மூன்று வழிகள் உண்டு, மூன்றுக்கும் மூன்று விதமான உர நடைமுறை உண்டு.

முதல் வழி, வைக்கோலை மண்ணில் கலந்து வழக்கம்போல் உழுது விதைப்பது. வடக்கே இதற்கு ரௌணி என்ற பெயரில் ஒரு முன்பாசனம் கொடுத்து, மண் பதத்துக்கு வந்ததும் சட்டிக் கலப்பை, கொக்கிக் கலப்பை, பரம்பு என்று ஐந்து முதல் எட்டு முறை டிராக்டரை ஓட்டுவார்கள். வைக்கோலைக் கலந்து மூன்று வாரமாவது விட்டு விதைத்தால் முடக்கத்தின் கடுமை தணிந்திருக்கும். உங்கள் எண் 25 நாளுக்கு மேல் இருந்தால் இந்த வழியை எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலான வயல்களில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, சூப்பர் சீடர் போன்ற கருவியால் ஒரே ஓட்டத்தில் வைக்கோலை மண்ணில் கலந்து விதையையும் போடுவது. நாள் மிச்சமாகிறது, வயலும் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. அதனால் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் விதை முளைக்கும் வாரமும் வைக்கோல் மட்கத் தொடங்கும் வாரமும் ஒன்றாகிவிடுவதால், தழைச்சத்துப் போட்டி மிகக் கடுமையாக இருப்பது இந்த வழியில்தான். விதை வைக்கோல் பொதிக்குள் விழுந்து மண்ணைத் தொடாமல் போகும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, உழாமல் விதைப்பது. இதன் வரலாறு அறியத்தக்கது. 1990களின் தொடக்கத்தில் ஹரியானாவில் கோதுமையைப் போலவே தோற்றமளிக்கும் மண்டூசி என்ற புல் களை, குல்லி டண்டா என்றும் சொல்வார்கள், பல ஆண்டுகளாக அடித்து வந்த ஐசோபுரோட்டியூரான் களைக்கொல்லிக்குக் கட்டுப்படாமல் போனது. பசுங்கோதுமையையே தீவனமாக அறுத்துவிட்ட விவசாயிகளும் இருந்தார்கள். மண்ணைக் கிளறாமல் விட்டால் அந்தக் களை குறைவாக முளைக்கிறது என்று தெரிந்ததும், நியூசிலாந்திலிருந்து வந்த தலைகீழ் ‘டி’ வடிவக் கொழுவைப் பொருத்திப் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான விதைப்புக் கருவி அங்கே பரவியது. களைக்காக வந்த முறை, உழவுச் செலவையும் ஒன்றிரண்டு வாரக் காலத்தையும் மிச்சப்படுத்தியதால் நிலைத்தது. ஆனால் அந்தக் கருவி தளர்ந்த வைக்கோலில் சிக்கிக்கொண்டது. அதற்குத் தீர்வாக லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியதுதான் ஹாப்பி சீடர். கொழுவுக்கு முன்னால் உள்ள வைக்கோலை வெட்டி ஒதுக்கி, விதையை மண்ணில் போட்டு, வைக்கோலை அதன்மேல் மூடாக்காக விட்டுச் செல்லும்.

நாற்பது, ஐம்பது குதிரைத்திறன் டிராக்டரும் இந்தக் கருவியும் வாடகைக்குக் கிடைக்குமானால், புதியவருக்கு நான் மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். மூடாக்கு ஈரத்தைக் காக்கிறது, களையைக் குறைக்கிறது, மார்ச் வெப்பத்தின் கடுமையைச் சற்றுத் தணிக்கிறது, தழைச்சத்து முடக்கத்தையும் குறைக்கிறது. ஆனால் உழாமல் விதைப்பது நாம் தோண்டிப் பார்த்த இறுகிய படுகையை ஒரே ஆண்டில் சரி செய்துவிடாது. ஆழ உழவால் அதை உடைத்தாலும் அடுத்த ஜூனில் தொளி அடித்தால் மீண்டும் உண்டாகும். நெல்லையும் தொளியின்றி நேரடியாக விதைத்தால்தான் அதற்கு நிலையான மாற்றம் உண்டு.

பிஹாரின் தாழ்நிலங்களிலும் தராயிலும் வங்கதேசத்திலும், நெல் அறுத்தும் நீர் வடியாத களிமண் வயல்களில் எந்தக் கருவியும் இறங்காது. அங்கே ஊற வைத்த கோதுமை விதையைப் பறவைகள் எடுக்காமலிருக்கச் சாணக் கரைசலில் புரட்டி, ஈரச் சேற்றின் மேலேயே தூவுகிறார்கள். சில இடங்களில் நெல் நிற்கும்போதே தூவுகிறார்கள். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள் உளுந்தைத் தெளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பதம் தப்பினால் இரண்டு இடத்திலும் விளைவு ஒன்றுதான்: ஈரம் மிகுந்தால் விதை அழுகும், காய்ந்தால் வேர் இறங்காது.

விதைக்கும் நாளுக்கான ஆயத்தம்

நெல் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் வைக்கோலை நறுக்கிச் சீராகப் பரப்பும் அமைப்பு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் அறுத்தால் இயந்திரம் போன தடத்தில் வைக்கோல் வரப்பு வரப்பாகக் குவிந்து, அங்கே விதை முளைக்காமல் கோடுபோல் சொட்டை விழும். ஆட்களை விட்டுப் பரப்ப வேண்டியிருக்கும்.

உழாமல் விதைக்கும் வயலுக்கு ஈரம் நெல்லின் கடைசிப் பாசனத்திலிருந்தே வர வேண்டும். மணற்பாங்கான மண்ணில் அந்தப் பாசனம் அறுவடைக்கு அருகிலும், களிமண்ணில் இன்னும் முன்னதாகவும் அமைய வேண்டும். மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாகி, கீழே போட்டால் உதிர வேண்டும். இந்தப் பதத்தை அங்கே வத்தர் என்பார்கள். எந்த விவசாயியிடம் பேசினாலும் முதலில் காதில் விழும் சொல் அது.

பிறகு கருவியின் அளவைச் சரிபார்க்க வேண்டும். வாடகைக்கு வரும் கருவி முந்தைய வயலின் அளவோடு வரும். அதை நம்பி இறக்கிவிடக் கூடாது. ஒன்பது கொழு, கொழுவுக்குக் கொழு 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் கருவியின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். அது 40 மீட்டர் தூரம் ஓடினால் ஓர் ஏக்கரில் ஐம்பதில் ஒரு பங்கு முடியும். கருவியைத் தரையிலிருந்து தூக்கி, குழாய்களின் வாயில் பைகளைக் கட்டி, 40 மீட்டருக்கு எத்தனை சுற்று வேண்டுமோ அத்தனை முறை ஓட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஏக்கருக்கு 40 கிலோ விதை வேண்டுமானால் பைகளில் மொத்தம் 800 கிராம் விதையும், ஏக்கருக்கு 50 கிலோ டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) வேண்டுமானால் ஒரு கிலோ உரமும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அது அடைத்திருக்கிறது. அரை மணி நேர வேலைதான். விட்டுவிட்டால் பருவம் முழுவதும் சரிசெய்ய முடியாது.

பிந்தி, டிசம்பரில் விதைக்க நேர்ந்தால் விதையை ஏக்கருக்கு 50 கிலோவாகக் கூட்டி, வரிசை இடைவெளியைக் குறைக்க வேண்டும். தூர் கட்ட நாள் இல்லாததால் செடியின் எண்ணிக்கையே கதிரின் எண்ணிக்கையாகும்.

ஹாப்பி சீடரைக் காலைப் பனி உலர்ந்த பிறகே வயலில் இறக்க வேண்டும். ஈர வைக்கோல் கத்தியில் வெட்டுப்படாமல் சுற்றிக்கொள்ளும். விதை 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுகிறதா என்று பத்து மீட்டருக்கு ஒருமுறை விரலால் தோண்டிப் பாருங்கள்.

விதைத்த பதினைந்து, இருபது நாளில் ஒரு மீட்டர் நீள வரிசையில் உள்ள செடிகளைப் பத்து இடங்களில் எண்ணுங்கள். சராசரி 45க்கு அருகில் இருந்தால் சதுர மீட்டருக்கு 200 செடி இருக்கிறது என்று பொருள், அது போதும். முப்பதுக்குக் கீழே இருந்தால் அந்த வயலின் விளைச்சலை இனி யூரியாவால் உயர்த்த முடியாது, யூரியாவைக் கூட்டவும் வேண்டாம்.

தழைச்சத்துக் கணக்கு

வடமேற்குச் சமவெளியில் காலத்தில் விதைத்த பாசனக் கோதுமைக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 40 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்பது பரவலாக உள்ள பொதுப் பரிந்துரை. பஞ்சாபின் பரிந்துரை தழைச்சத்தில் சற்றுக் குறைவாக, எக்டேருக்கு 125 கிலோ. பிந்தி விதைத்தால் 120 கிலோ போதும். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் இவற்றை விட அதுவே மேலானது.

இதை மூட்டையாக்கிப் பார்ப்போம். ஒரு 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உள்ளன. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ; அதில் 20.7 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியும் இரண்டு மூட்டை யூரியாவும் இட்டால் தழைச்சத்து ஏறத்தாழ 50 கிலோ, அதாவது எக்டேருக்கு 125 கிலோ. யூரியாவை இரண்டரை மூட்டையாக்கினால் எக்டேருக்கு 150 கிலோ. இந்த இரண்டு எல்லைக்கு வெளியே போகும் தேவை புதியவருக்கு இல்லை. சமவெளியில் பல வயல்களில் இதற்கு மேலும் கொட்டுகிறார்கள், பயிர் சாய்வதற்கும் நிலத்தடி நீரில் நைட்ரேட் கலப்பதற்கும் அதுவே காரணமாகிறது.

மொத்த அளவைவிடப் பிரிப்பதில்தான் உழவு முறை குறுக்கிடுகிறது. வழக்கமாக உழுத வயலில் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை விதைக்கும்போதும், ஒரு பங்கை முதல் பாசனத்திலும், மீதியை இரண்டாம் பாசனத்திலும் இடலாம். வைக்கோலைக் கலந்த உடனே விதைத்த வயலில் விதைக்கும்போது இடும் அடியுரப் பங்கைத் தவிர்க்கவே கூடாது. நுண்ணுயிர் எடுத்தது போக நாற்றுக்கும் எஞ்ச வேண்டும். அங்கே பாசனத்தோடு இடும் மேலுரத்தைப் பிந்தவிட்டால் தூரின் எண்ணிக்கை குறையும்.

மூடாக்கு விட்ட வயலில் டிஏபியை மட்டும் கருவி வழியே விதைக்கு அருகில் போட்டால் போதும். யூரியாவை விதைக்கும் நாளில் வைக்கோலின் மேல் தூவுவது வீண். யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி வைக்கோலில் நிறைய இருக்கிறது; அங்கே உடையும் யூரியா மண்ணைத் தொடுமுன் அம்மோனியாவாக ஆவியாகிவிடும். சமவெளியின் மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால் இழப்பு இன்னும் கூடும். எனவே யூரியாவை இரு சம பங்காக்கி, முதல் பாசனத்துக்குச் சற்று முன்னும் இரண்டாம் பாசனத்துக்குச் சற்று முன்னும் தூவி, அன்றே நீர் பாய்ச்ச வேண்டும். யூரியா நீரில் கரைந்து வைக்கோலைக் கடந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். மூடாக்கு இல்லாத மணல் வயலில் நடைமுறை வேறு: அங்கே நீரோடு ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால், பாசனம் கொடுத்து, மண் கால் வைக்கும் பதத்துக்கு வந்த பிறகு தூவுவார்கள்.

முதல் பாசனமும் மஞ்சள் இலையும்

விதைத்த 21 முதல் 25 நாளில் கோதுமையின் அடிக்கணுவிலிருந்து நிலையான வேர்கள் புறப்படுகின்றன. முதல் பாசனம் அந்த நாளில் கிடைக்க வேண்டும். பயிரின் மொத்தப் பாசனங்களில் தவறவே கூடாதது இது. ஆனால் நெல் வயலின் இறுகிய படுகை காரணமாக நீர் கீழே இறங்காமல் தேங்கும். களிமண்ணிலும் உழாத வயலிலும் நீரை மெல்லியதாக விட வேண்டும். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்திருந்தால் இது எளிது. மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அளவு மிகுந்துவிட்டது.

பாசனத்துக்குப் பின் சில நாளில் பயிர் மஞ்சளாகும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மஞ்சளைக் கண்டதும் யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் சமவெளி முழுவதும் இருக்கிறது. தயவுசெய்து முதலில் குனிந்து இலையைப் பாருங்கள். அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, புது இலை பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறை. வைக்கோலைக் கலந்த வயலில் இதை எதிர்பார்க்கலாம், மேலுரம் இன்னும் இடவில்லை என்றால் உடனே இட வேண்டும். வயலில் பள்ளமான இடங்கள் மட்டும் மஞ்சளாகி, பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருந்தால் அது நீர்த் தேக்கம். காற்றில்லாத வேர் எடுக்காத சத்தை மேலும் கொட்டிப் பயனில்லை, அந்த மண்ணில் நைட்ரேட் வாயுவாகவே போகும். மண் உலரும்வரை பொறுத்திருந்தால் பயிர் தேறிவிடும். இலையின் நடுப்பகுதியில் நரம்புகளுக்கு இடையே சாம்பல் கலந்த மஞ்சள் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால், அதுவும் மணல் வயலானால், மாங்கனீசுக் குறை. அதற்கு 0.5 சதவீத மாங்கனீசு சல்பேட் கரைசலை இலைவழியாகத் தெளிக்க வேண்டும். சென்ற ஆண்டே இந்தக் குறை கண்ட வயலாயின் முதல் பாசனத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தெளிப்பும், பிறகு வாரம் ஒன்றாக இரண்டு மூன்று தெளிப்பும் கொடுப்பது வழக்கம்.

மூடாக்கு விட்ட வயலில் எலி வளையும் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பானும் இருக்கின்றனவா என்பதையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் துளைப்பான்.

ஒப்பிடும் பட்டை

இரண்டாம் மேலுரத்தை எவ்வளவு இடுவது என்று பயிரையே கேட்க ஒரு வழி உண்டு. விதைக்கும் கருவியின் ஒரு ஓட்டம், 40 மீட்டர் நீளம், ஏக்கரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று பார்த்தோம். வயலின் நடுவில் அப்படி இரண்டு பட்டைகளைக் குச்சி நட்டு அடையாளமிடுங்கள். ஒன்றுக்கு யூரியாவே இட வேண்டாம். மற்றதற்கு முழுப் பருவத்துக்கான யூரியாவையும், ஏக்கருக்கு 90 கிலோ என்றால் பட்டைக்கு 1.8 கிலோவை, முதல் பாசனத்திலேயே ஒருசேர இட்டுவிடுங்கள்; இதை நிறைவான பட்டை என்போம். வயலின் மற்றப் பகுதிக்கு வழக்கம்போல் பாதி.

இரண்டாம் பாசன நாளில், விதைத்த 45 முதல் 55 நாளில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று மூன்றையும் பாருங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை இருந்தால் மேலிருந்து முழுதாக விரிந்த இளைய இலையை அதில் வைத்துப் பார்க்கலாம். வயல் நிறைவான பட்டை அளவுக்கே பச்சையாக இருந்தால் மண்ணிலிருந்து தழைச்சத்து நன்றாக வருகிறது. இரண்டாம் பங்கைத் துணிந்து குறைக்கலாம். வெளிறித் தெரிந்தால் முழுப் பங்கையும் அன்றே இட வேண்டும். யூரியா இடாத பட்டையும் வயலும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால், நீங்கள் இட்டது பயிருக்குப் போகவே இல்லை. எந்த நாளில், எந்த ஈரத்தில் தூவினீர்கள் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கணு விட்டுத் தண்டு நீண்ட பிறகு இடும் யூரியா மணியின் புரதத்தைச் சற்றுக் கூட்டலாம், விளைச்சலைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் பாசனம் கொடுத்த மறுநாள் காற்றடித்தால், தழைச்சத்து மிகுந்த பட்டைதான் முதலில் சாயும். அதையும் குறித்து வையுங்கள்.

ஏப்ரலில், வைசாகி என்ற அறுவடைத் திருநாளை ஒட்டி அறுவடை தொடங்கும்போது, இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்னதாக இரண்டு பட்டைகளிலும் அருகிலுள்ள வயலிலும் ஓர வரிசைகளை விட்டு, நடுவில் நான்கு வரிசைகளை 5 மீட்டர் நீளத்துக்கு அரிவாளால் அறுத்து, தனித்தனிச் சாக்கில் கட்டி, அடித்துத் தூற்றி எடை போடுங்கள். அந்தப் பரப்பு 4.5 சதுர மீட்டர். 2 கிலோ 250 கிராம் மணி கிடைத்தால் எக்டேருக்கு 5 டன், ஏக்கருக்கு 20 குவிண்டால். நிறைவான பட்டையும் வயலும் ஒரே எடை காட்டினால் அடுத்த ஆண்டு நிறைவான பட்டைக்கு அருகில் இன்னொரு பட்டையில் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியாவைக் குறைத்துச் சோதியுங்கள். நிறைவான பட்டை தெளிவாகக் கூடுதலாக இருந்தால், மூட்டையைக் கூட்டுவதற்கு முன் முதல் பங்கை முன்னதாக இட்டுப் பாருங்கள். யூரியா இடாத பட்டையின் எடையைத் தனியே ஒரு குறிப்பேட்டில், அந்த ஆண்டு வைக்கோலை என்ன செய்தீர்கள் என்ற குறிப்போடு எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதே வயலில், ஆனால் வேறு இடத்தில், அந்தப் பட்டையை விடுங்கள். மண் தானாகத் தரும் தழைச்சத்து கூடுகிறதா என்பதை அந்த எண்கள் காட்டும்.